தோட்டத் துண்டாடல் (கெடா)

பெரிய தோட்டத்தைக் கூறுபோட்டுப் பலருக்கு விற்பது. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் மலாயாவிலிருந்து கிளம்பத் தொடங்கியபோது, ரப்பர்த் தோட்டங்கள் பல இப்படிக் கைமாறின. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனதும் பால்மரம் வெட்டியவருக்குக் குடியிருப்பும் போயிற்று. கோயில் கட்டிய மண்ணும் அப்படியே, நிர்வாகத்தின் வாய்ச்சொல்லில் நின்றதுதான். இந்த நிலையை எதிர்கொள்ள, அப்போதைய ம.இ.கா. தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் பங்குப்பணத்தைக் கொண்டு அது முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம்.

துண்டாடலைக் கட்டுப்படுத்த 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவு பிறகு வந்தது. 40 ஹெக்டேருக்குக் குறையாத, ஒட்டிக்கிடக்கும் விவசாய நிலத்தைக் கைமாற்றத் தோட்ட நில வாரியத்தின் முன் அனுமதி வேண்டும்.

இப்படித் துண்டான நிலத்தில், கெடாவின் சுங்கைப்பட்டாணி, கூலிம் பக்கம் மனை வாங்குவோருக்கு நில அலுவலகத்தில் கிராண்டை (நில உரிமைப் பத்திரத்தை) தேடிப் பார்ப்பது முதல் வேலை. விவசாய நிலமென்றால் வீடு கட்ட நிலப்பயன் மாற்றம் தேவை; மலாய் ஒதுக்கீட்டு நிலமென்றால் கெடாவில் மலாய்க்காரரோ சயாமியரோ அல்லாதார் பெயருக்கு மாறாது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு முன்பணம் கட்டியதும் நிலம் தமதாகிவிட்டதாக நினைப்போர் இன்றும் உண்டு. உரிமை மாற்றத்துக்கான 14ஏ பாரம் பதிவாகிக் கிராண்டில் பெயர் ஏறினால்தான் உரிமை. அதுவரை காப்பு, நிலம் வேறொருவர் பெயருக்கு மாறாதபடி பதிவேட்டில் போடும் தடையான தனியார் கேவியட்.