‘பஞ்சாயத்து அப்ரூவல்’ மட்டும் போதுமா? பிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் உஷார்!

புதுக்கோட்டை,

ரோட்டோரம் கலர் கொடி, வரிசையாக வெள்ளைக் கல், பந்தலில் சாப்பாடு, "மாசாமாசம் கட்டினா போதும்" என்ற பேச்சு. புதுக்கோட்டை, ஆலங்குடி, அறந்தாங்கி, கீரனூர் சுற்று வட்டாரத்தில் பழகிப்போன காட்சி இது. கொத்தனார் வேலை பார்த்தும், சிங்கப்பூர், துபாய் போய் உழைத்தும் சேர்த்த பணம் அந்தக் கல்லுக்குத்தான் போகிறது. மனைப்பிரிவுக்கு முறையான அனுமதி இல்லாவிட்டால் பத்திரம் பதிவாகாது, வீட்டு பிளான் பாஸ் ஆகாது, பாங்கியில் கடனும் கிடைக்காது.

2016-ல் விழுந்த பூட்டு

வக்கீல் யானை ராஜேந்திரன் தொடர்ந்த பொதுநல வழக்கில், அங்கீகாரம் இல்லாத மனைகளை பதிவு செய்ய சென்னை ஐகோர்ட்டு 2016 செப்டம்பர் 9-ந்தேதி தடை போட்டது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவும் அதே ஆண்டு அக்டோபர் 20-ந்தேதி நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் அனுமதி இல்லாத மனையை பதிவு செய்ய வழியில்லை. அதற்கு முன்பே மனையாக பதிவான இடத்தை மறுபடி விற்பதற்கு மட்டும் விலக்கு உண்டு.

அனுமதி கொடுப்பது யார்?

"பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு, பயப்படாதீங்க" என்பது புரோக்கர்கள் பேச்சு. தொழில்நுட்ப அனுமதி தருவது டி.டி.சி.பி. எனப்படும் நகர் ஊரமைப்புத் துறை. அது கிடைத்த பிறகுதான் ஊராட்சியோ, பேரூராட்சியோ, நகராட்சியோ, மாநகராட்சியோ இறுதி அனுமதி தரமுடியும். இரண்டும் இருந்தால்தான் அது அங்கீகாரம் பெற்ற மனை.

மனை போடுபவர் முதலில் ஒற்றைச்சாளர இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தாய்ப்பத்திரம், பட்டா, புல வரைபடம், வில்லங்கச் சான்று எல்லாம் அதில் சேரும். அதிகாரிகள் இடத்தை நேரில் பார்த்து, போக பாதை இருக்கிறதா, கண்மாய்க்கு வரும் வாரி குறுக்கே போகிறதா, புறம்போக்கு கலந்திருக்கிறதா என்று சோதிப்பார்கள். வயல் என்றால் அதை மனையாக மாற்ற தனி அனுமதி தேவை. நஞ்சைக்கு கலெக்டரின் இசைவும், வேளாண்மைத்துறை அறிக்கையும் கேட்கப்படும்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் விவசாயம் கண்மாயை நம்பி நடப்பது. மழை இல்லாத வருஷம் வாரி வெறும் பள்ளமாகத்தான் தெரியும். அதை மூடி மனை போட்டால் அடுத்த பெருமழையில் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும்.

ரோடும் பூங்காவும் ஊருக்கு

தொழில்நுட்ப அனுமதி வந்ததும், மனைப்பிரிவின் ரோடுகளையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்கு தானப்பத்திரமாக எழுதிக் கொடுக்க வேண்டும். 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டிட விதிகள்படி, 3 ஆயிரம் சதுர மீட்டர், அதாவது சுமார் 74 சென்ட் வரை பூங்கா இடம் ஒதுக்கத் தேவையில்லை. அதற்கு மேல் 10 ஆயிரம் சதுர மீட்டர் வரை, ரோடு போக மீதியில் 10 சதவீதம் ஒதுக்க வேண்டும். முடியாவிட்டால் வழிகாட்டி மதிப்பில் பணமாக கட்டலாம். 10 ஆயிரம் சதுர மீட்டரை, அதாவது சுமார் 2 ஏக்கர் 47 சென்ட்டை தாண்டினால் இடமாகவே தந்தாக வேண்டும்.

உதாரணமாக, 5 ஏக்கரில் ரோட்டுக்கு 1 ஏக்கர் போனால், மீதி 4 ஏக்கரில் 40 சென்ட் ஊருக்கு. சில வருஷம் கழித்து அந்த பூங்கா இடத்தையும் மனையாக விற்க வந்தால் அது மோசடி.

‘ரெரா’ நம்பர்

2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு (சுமார் 12 சென்ட்) மேற்பட்ட மனைப்பிரிவை ‘ரெரா’வில் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்வதும், முன்பணம் வாங்குவதும் தவறு. நோட்டீசில் அந்த நம்பர் இல்லை என்றால் ‘ஏன்’ என்று கேட்க வேண்டும். ஏமாற்றப்பட்டவர் ரெராவில் புகார் கொடுக்கலாம்.

பழைய மனை வைத்திருப்போருக்கு

அனுமதி இல்லாத பழைய மனைகளை வரன்முறைப்படுத்த 2017 மே 4-ந்தேதி விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்குள் ஒரு மனையாவது விற்று பதிவான மனைப்பிரிவுகளுக்கே இது பொருந்தும். நீர்நிலை, புறம்போக்கு இடத்தில் போட்ட மனைக்கு இதிலும் வழியில்லை. காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டதால், பணம் கட்டும் முன் பி.டி.ஓ. அல்லது நகராட்சி அலுவலகத்தில் நிலவரத்தை கேட்பது நல்லது.

அட்வான்சுக்கு முன் பார்க்க வேண்டியவை

* டி.டி.சி.பி. எண், உள்ளாட்சி அனுமதி எண் இரண்டும் இருக்கிறதா? நகலை வாங்கி அந்தந்த அலுவலகத்தில் சரிபார்க்க வேண்டும்.

* வாங்கும் மனை எண் அங்கீகரித்த வரைபடத்தில் உள்ளதா? பூங்கா என்று குறித்த இடத்தில் கல் நட்டிருக்கிறார்களா?

* விற்பவர் பெயரில் பட்டா உள்ளதா? வில்லங்கம் சுத்தமா?

* ரோடும் பூங்காவும் ஊர் பெயருக்கு தானம் ஆகிவிட்டதா? சந்தேகம் இருந்தால் கிராமசபை கூட்டத்தில் எழுந்து கேட்கலாம்.

தொண்டைமான் மன்னர்கள் காலத்திலேயே நேர் நேராக வீதி போட்ட ஊர் புதுக்கோட்டை. ரோடு சரியில்லாத மனையை ‘விலை மலிவு’ என்று வாங்கினால், ஆம்புலன்ஸ் நுழையக்கூட வழியில்லாமல் தவிப்பது வாங்கியவர் குடும்பம்தான்.