பதேர் பாஞ்சாலி: கடன் எவ்வளவு, முதல் எவ்வளவு?

சத்யஜித் ரேயின் 'பதேர் பாஞ்சாலி' (1955) பற்றிப் பேச்சு எடுத்தால் போதும், "அதெல்லாம் இத்தாலிக்காரன் சரக்கு சார்" என்று யாராவது ஒருவர் ஒரே போடாகப் போட்டுவிடுவார். மறுத்துப் பேசுவது கொஞ்சம் கஷ்டம்தான், ஏனென்றால் இதற்குச் சாட்சி சொன்னவரே ரே. 1950-ல் விளம்பரக் கம்பெனி வேலையாக லண்டன் போனவர், அங்கிருந்த சில மாதங்களில் நூறு படங்கள் வரை பார்த்துத் தள்ளினார். அதில் ஒன்று டி சிகாவின் 'பைசிகிள் தீவ்ஸ்' (1948). அது தன்னை எப்படி உலுக்கியது என்பதை அவர் கடைசிவரை ஒளித்ததே இல்லை. ஸ்டுடியோ வேண்டாம், ஸ்டார் வேண்டாம், வெளியே போய்ப் படம் எடுக்கலாம் என்ற தைரியம் அங்கே கிடைத்ததுதான்.

ஆக, கடன் வாங்கியது நிஜம். எவ்வளவு என்பதுதான் கேள்வி. பேங்க்காரன் புத்தி, என்ன செய்ய! கடனையும் சொந்த முதலையும் பிரித்துப் பார்க்காமல் ஃபைலை மூட மனசு வராது.

முதலில் தேதிகள். விபூதிபூஷண் பந்தோபாத்யாயின் நாவல் புத்தகமாக வந்தது 1929-ல். அதன் சுருக்கப் பதிப்புக்கு 1940-களின் நடுவில் படம் வரைந்தவர் ரே. அதாவது, ரோம் நகரத்தில் அந்தச் சைக்கிள் திருடு போவதற்கு முன்பே அப்புவும் துர்காவும் இவர் கையில் கோட்டுச் சித்திரமாக இருந்தார்கள். (டி சிகாவின் படமும் ஒரு நாவலிலிருந்து வந்ததுதான். பார்த்தோலினி எழுதியது. அதை யாரும் இரவல் என்று சொல்வதில்லை!)

அப்படியென்றால் நாவலின் நகலா? அதுவும் இல்லை. நாவலில் அக்காவும் தம்பியும் ரயில் பார்க்கக் கிளம்புகிறார்கள், பார்க்காமலே திரும்புகிறார்கள். படத்தில் நாணல் பூத்த வெளியில் ஓடுகிறார்கள், ரயில் வருகிறது. ஆனால் துர்கா தடுக்கி விழுந்து பின்தங்கிவிட, கிட்டே போய்ப் பார்ப்பது அப்பு மட்டும். திரும்பி வரும் வழியில் மூங்கில் தோப்பில் குந்தியிருக்கும் கிழவி இந்திரை துர்கா விளையாட்டாக உலுக்குகிறாள். கிழவி அப்படியே சாய்கிறாள். நாவலில் இவள் கதையின் ஆரம்பத்திலேயே, பெரியவர்கள் முன்னால் செத்துப்போனவள். ரே அந்தச் சாவைக் கொண்டுவந்து குழந்தைகள் கையில் வைத்தார். இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைக்க அவருக்கு எந்த இத்தாலிக்காரனும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நடிகர்கள் விஷயத்திலும் அப்படித்தான். டி சிகாவின் கதாநாயகன் நிஜத் தொழிற்சாலைத் தொழிலாளி. ரேயின் ஹரிஹரோ சினிமா நடிகர், சர்போஜயா மேடை அனுபவம் உள்ளவர், கிழவியாக வந்த சுனிபாலா தேவி பழைய நாடக நடிகை.

1952 அக்டோபரில் நாணல் காட்சியோடு படப்பிடிப்பு தொடங்கியது. அடுத்த வாரம் போனால் பூவையெல்லாம் மாடு தின்றுவிட்டிருந்தது! மீண்டும் பூக்கும்வரை காத்திருந்தார்கள். இன்ஷூரன்ஸ் பாலிசி, கிராமபோன் இசைத்தட்டுகள், மனைவியின் நகை என்று எல்லாம் போன பிறகு மேற்கு வங்க அரசு கடன் கொடுத்தது. எந்தக் கணக்கில் தெரியுமா? சாலை மேம்பாடு! படத்தின் பெயருக்குப் பாதையின் பாட்டு என்று அர்த்தமாயிற்றே. அந்தப் பதிவைப் பார்த்தால் எந்த ஆடிட்டருக்கும் வியர்க்கும்.

என் கணக்கில் டி சிகாவிடம் வாங்கியது தைரியம். அது சின்னத் தொகை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஹரிஹர் ஊரிலிருந்து வந்து, துர்கா இறந்தது தெரியாமல் அவளுக்கு வாங்கிவந்த சேலையை எடுத்து நீட்டுகிறாரே, அந்த இடம் முழுக்க ரேயுடையது. சர்போஜயா வாய் திறந்து கதறுகிறாள், குரல் வருவதில்லை. அதற்குப் பதில் தார் ஷெனாய் என்ற வில் வாத்தியம் உச்சத்தில் அலறுகிறது. பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்ப்பவர்கள் தயவுசெய்து அந்த இடத்தில் சத்தத்தைக் குறைக்காதீர்கள்.