தேரி மணலிற் கிடந்த கற்கள்

திருநெல்வேலிச் சீமையின் கடலோரத்தில் சாயர்புரம், மெஞ்ஞானபுரம், இடையன்குடி, கூத்தன்குழி முதலிய ஊர்களையொட்டி ஆங்காங்கே மேடிட்டுக் கிடக்கும் செம்மணற் பரப்பை அப்பிரதேசத்து ஜனங்கள் தேரி என்று வழங்குவார்கள். பல்லாவரத்தில் 1863-இல் கற்கோடரி கண்டு பாரத தேசத்தின் ஆதி மனிதனைப் பற்றிய ஆராய்ச்சிக்குத் தொடக்கமிட்ட இராபர்ட் புரூஸ் பூட், 1883-இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலை எழுதி வெளியிட்டார். ஆயினும் தேரியின் பூர்வீகக் குடிகளைப் பற்றி விரிவான ஆராய்ச்சி வெளிவர, சாய்னர், ஆல்சின் என்னும் இருவரும் 1956-இல் தங்கள் கட்டுரையை வெளியிடும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தோண்டாமலே தரையை நோக்கி நடந்து சரித்திரம் தேடுகிறவனுக்குத் தேரியைப்போல் வாய்ப்பான நிலம் அரிது. ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று மணலை வாரிக்கொண்டு போய்ப் பள்ளங்களின் அடித்தரையைத் திறந்து வைக்கிறது. அங்கே கிடக்கும் கல் எதுவாயினும், அது நகத்தளவே உள்ள சில்லானாலும், மணலைத் தூக்கும் காற்று அதைத் தூக்கிவந்திருக்க முடியாதாகையால், மனிதன் கையிலேந்திக் கொண்டுவந்ததே என்று ஐயமின்றித் துணியலாம். ஆற்றுப்படுகையில் ஆயிரம் கூழாங்கற்களினிடையே கருவியைப் பிரித்தறியும் சங்கடம் இங்கே இல்லை.

ஆனால் காற்றுச் செய்யும் இவ்வுபகாரத்தில் ஓர் அபாயமும் உண்டு. மணல் போய்விட்டபின், மேலடுக்கிற் கிடந்ததும் கீழடுக்கிற் கிடந்ததும் ஒரே தரையில் வந்து கலந்துவிடுகின்றன. இவ்விடத்திலேதான் சாய்னர், ஆல்சின் இருவருடைய நிதானம் என்னைப் பெரிதும் கவர்கிறது: வெண்மையான படிகக்கல்லிலும் பழுப்பு நிறச் சிக்கிமுக்கியினக் கல்லிலும் செய்த பிறைவடிவச் சில்லுகள், முனைகள், சுரண்டிகள் ஆகியவற்றின்மேல் படிந்திருந்த செங்கறையையே அவர்கள் சாட்சியாகக் கொண்டு, மணல் இறுகிச் சிவந்த காலத்தில் இக்கற்கள் அதனுள்ளே இருந்தன என்று நிலைநாட்டினார்கள். கடல்மட்டம் இன்றைக்கு உள்ளதைவிட 20 முதல் 30 அடி உயர்ந்திருந்த காலத்தோடு பொருத்தி, கி.மு. 4000-ஐ அடுத்த காலமாக இருக்கலாம் என்பது அவர்களுடைய மதிப்பீடு.

அழகிய முனையொன்றைக் கண்டு மகிழ்ந்து பைக்குள் இட்டுக்கொள்வோர் பலர். அதைச் செய்தபோது தெறித்த கழிவுச் சில்லுகளை எண்ணிக் குறிப்பவர் சிலரே. அச்சில்லுகளோ, கருவியை வேறிடத்திற் செய்து கொண்டுவந்தார்களா, அவ்விடத்திலேயே உட்கார்ந்து உடைத்தார்களா என்பதைத் தெரிவிக்க வல்லவை. மீனும் வேட்டையும் நாடிக் கடலோரத்து உப்பங்கழிகளை அடுத்து வாழ்ந்த அந்த ஜனங்கள், இருபுறமும் நுணுகச் செதுக்கிய முனைகளைச் செய்தார்கள். அவ்விதமான முனைகள் கடலுக்கப்பால் இலங்கையிலும் கிடைப்பதால், இரு கரைகளின் கற்களையும் அருகருகே வைத்து ஆராய்வதே இத்துறையில் முதலில் செய்யத்தக்க காரியம் என்பது என் அபிப்பிராயம்.