திறக்கக்கூடாத நான்கு பெட்டிகள்

2006 மார்ச்சில் பிளேஸ்டேஷன் 2 கருவிக்கு வந்த ‘ஃபைனல் ஃபேண்டசி 12’ ஆட்டத்தில் ஓர் ஈட்டி உண்டு. அந்த ஆட்டத்தின் மிக வலிய ஆயுதங்களில் அதுவும் ஒன்று. பாழடைந்த ஒரு நகரத்தில், ஆட்டத்தின் பிற்பகுதியில், ஒரு பெட்டிக்குள் அது கிடைக்கும். ஆனால் அந்தப் பெட்டி கண்ணில் பட வேண்டுமானால், வரும் வழியில் குறிப்பிட்ட நான்கு பெட்டிகளைத் தொடாமல் வந்திருக்க வேண்டும். அவற்றில் ஒன்று, கதை தொடங்கிய சற்று நேரத்திலேயே ஒரு முதியவர் வீட்டு வாசலுக்கு வெளியே இருக்கிறது. மற்ற பெட்டிகளுக்கும் அதற்கும் பார்வைக்கு வித்தியாசம் கிடையாது. தொடாதே என்று எச்சரிக்கும் பாத்திரமும் கிடையாது. பெட்டியைக் கண்டால் திறந்துவிட வேண்டும் என்று ஆடுபவரைப் பழக்கியதே அந்த ஆட்டம்தான். திறந்தவருக்கு, பல பத்து மணி நேரம் ஆடி முடித்த பிறகும், தாம் ஓர் ஈட்டியை இழந்தோம் என்பதுகூடத் தெரிய வராது. தனியாக உட்கார்ந்து ஆடும் ஒருவர் தம் புத்தியால் இதை அறிந்துகொள்ள வழியே இல்லை. யாராவது சொல்ல வேண்டும். இப்படிச் சொல்லும் வழக்கத்தைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. பாத்திரமேற்று ஆடும் நீண்ட ஜப்பானிய ஆட்டங்கள் பலர் கூடிப் பேசுவதை நம்பியே கட்டப்பட்டவை. மலேசியாவின் கெடா மாநிலத்தின் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் அந்தப் பேச்சு நடந்த விதம் தோட்டத் தமிழரின் வரலாற்றைச் சேர்ந்தது என்பதே என் வாதம்.

முதலில் ஜப்பானைப் பார்ப்போம். 1984-இல் நாம்கோ நிறுவனம் ஆட்டக்கூடங்களுக்காக வெளியிட்ட ‘டவர் ஆஃப் துருவாகா’ அறுபது தளங்கள் கொண்ட கோபுரம். தளங்களில் மறைந்திருக்கும் பெட்டிகளை வெளிக்கொண்டுவர ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபந்தனை. அந்த நிபந்தனை என்னவென்று ஆட்டம் சொல்லாது. சில பெட்டிகளைத் தவறவிட்டால் கோபுரத்தை முடிக்கவே முடியாது. எனவே கூடங்களுக்கு வந்தவர்கள் குறிப்பேடுகளில் எழுதி வைத்தார்கள். எந்தத் தளத்தில் என்ன செய்தால் என்ன கிடைத்தது என்பதை ஒருவர் எழுத, அடுத்து வந்தவர் அதைச் சோதித்துத் திருத்தினார். 1986 மே மாதம் வந்த ‘டிராகன் குவெஸ்ட்’ இதே பழக்கத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது. அதை வடிவமைத்த யூஜி ஹோரி, ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழில் எழுதிக்கொண்டிருந்தவர். அந்த இதழே ஆட்டத்தைப் பற்றிய தகவல்களை வாசகச் சிறுவர்களுக்கு வாராவாரம் கொண்டு சேர்த்தது. 1985-இல் ஜப்பானில் மிக அதிகம் விற்ற புத்தகம் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ ஆட்டத்தை வெல்லும் வழிகளைச் சொல்லும் கையேடு. நாவலோ வரலாற்று நூலோ அந்த இடத்தைப் பிடிக்கவில்லை. துப்புச் சொல்வது அங்கே ஓர் அச்சுத் தொழிலாகவே வளர்ந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கெடாவில் அந்த அச்சுத் தொழில் இல்லை. ஆட்டம் மட்டும் வந்தது, அதைச் சுற்றியிருந்த இதழும் கையேடும் வரவில்லை. வந்த ஆட்டமும் முறையான பெட்டியில், விளக்கப் புத்தகத்தோடு வரவில்லை. எண்பதுகளின் இறுதியிலும் தொண்ணூறுகளிலும் மலேசிய வீடுகளில் பரவிய ‘மைக்ரோ ஜீனியஸ்’ கருவியே நின்டெண்டோவின் நகல்தான். பிளேஸ்டேஷன் வந்தபோது சில வெள்ளிக்கு நகல் வட்டுகள் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையிலும் பட்டணத்துக் கடைகளிலும் கிடைத்தன. ஒரு நெகிழி உறை, மங்கலாக அச்சிட்ட ஓர் அட்டை, அவ்வளவுதான். அமெரிக்க வணிகப் பிரதிநிதி அலுவலகம் மலேசியாவைக் கண்காணிப்புப் பட்டியலில் வைக்கும் அளவுக்கு இந்த வியாபாரம் பெருகி, நாடாளுமன்றம் ஒளிவட்டுச் சட்டம் 2000-ஐக் கொண்டுவந்தது. படைத்தவர்களுக்குச் சேர வேண்டிய பணம் சேரவில்லை. அதை நியாயப்படுத்த நான் வரவில்லை. ஆனால் விளக்கப் புத்தகம் இல்லாத வட்டு என்ற அந்த ஒன்றே, எந்தப் பொத்தான் எதற்கு என்பது தொடங்கி எல்லாவற்றையும் வாய்மொழிக்கு விட்டுவிட்டது என்பதை வரலாறு கவனிக்காமல் போகக் கூடாது.

மொழி இதைவிடப் பெரிய தடை. ‘ஃபைனல் ஃபேண்டசி 7’ ஜப்பானில் 1997 ஜனவரி 31 அன்று, மூன்று வட்டுகளில் வந்தது. ஆங்கிலப் பதிப்பு வந்தது செப்டம்பரில். இடைப்பட்ட ஏழு மாதங்கள் ஜப்பானிய வட்டைப் போட்டு ஆடியவருக்குத் திரையில் இருந்த ஓர் எழுத்தும் புரிந்திருக்காது. பட்டியலில் மேலிருந்து இரண்டாவது வரி மந்திரம், நான்காவது வரி பொருள்கள் என்று எழுத்தை விட்டு இடத்தை நினைவில் வைத்துத்தான் ஆட முடியும். ஆங்கிலம் வந்த பிறகும் பாதிச் சிக்கல்தான் தீர்ந்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்துவிட்டு, மலாய் மொழித் தேர்ச்சி போதாவிட்டால் ரிமூவ் வகுப்பில் ஓராண்டு கழித்து, மலாய்வழி இடைநிலைப்பள்ளிக்குள் நுழையும் பிள்ளைக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. இந்த ஆட்டங்களோ எழுத்தால் நிறைந்தவை: பக்கம் பக்கமாக உரையாடல், ஊர்ப்பெயர்கள், பட்டறைக்காரர் கேட்கும் உதிரிப்பொருள்கள். படித்துப் புரிந்துகொண்ட ஒருவர் மற்ற ஐவருக்குத் தமிழில் கதை சொல்ல வேண்டியிருந்தது. “அந்தப் பொட்டியத் தொறந்துறாத, அப்புறம் ஈட்டி கெடைக்காது, லெவல் ஏத்திட்டு போ, இங்க சேவ் பண்ணிக்கோ” என்பது போன்ற பேச்சில் மூன்று மொழி வேலை ஒரே மூச்சில் நடந்துவிடுகிறது.

தோட்டத்து மூத்தவர்களுக்கு ஜப்பான் என்றால் நினைவுக்கு வந்தது வேறு. 1941 டிசம்பர் 8 அன்று சுங்கைப் பட்டாணி விமானத்தளத்தில் ஜப்பானியக் குண்டு விழுந்தது. அதே வாரத்தில் ஜித்ரா, அடுத்து குருண் என்று பிரிட்டிஷ் அணிகள் சரிந்தன. பிறகு தோட்டத் தொழிலாளர்கள் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுப் பெருந்தொகையில் மாண்டார்கள். அலோர் ஸ்டாரில் பிறந்த மகாதீர் பிரதமரான மறு ஆண்டு, 1982-இல், கிழக்கை நோக்கும் கொள்கையை அறிவித்தபோது, ஜப்பான் உழைப்புக்கும் ஒழுங்குக்கும் முன்மாதிரியானது. பேரப்பிள்ளைகளுக்கோ அந்த நாடு மூன்றாவது முகம் காட்டியது: டோரேமோன், டிராகன் பால், கடைசியாக இந்த ஆட்டங்கள். டிராகன் பாலை வரைந்த அகிரா தோரியாமாதான் டிராகன் குவெஸ்டின் பாத்திரங்களையும் வரைந்தவர். தாத்தா வாய் திறந்து பேச அஞ்சிய ஒரு பெயரைப் பேரன் ஆசையோடு உச்சரித்தது ஒரே வீட்டுக்குள், இரண்டு தலைமுறை இடைவெளியில் நடந்தது. இந்த மாற்றத்தை எழுதிய தோட்ட வரலாறு எதையும் நான் படித்ததில்லை.

துப்புச் சொல்லும் இந்தப் பேச்சுக்கு ஒரு முன்வரலாறு உண்டு. 1924-இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ போன்ற இதழ்கள் தோட்டத்துக்கு வந்தால், எழுத்தறிந்த ஒருவர் உரக்க வாசிக்க, லயம் என்ற வரிசைக் குடியிருப்பில் இருந்தவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். திடலில் வெண்திரை கட்டிப் படம் காட்டிய மறுநாள், வராதவர்களுக்குப் படம் முழுக்கச் சொல்லப்பட்டுவிடும். கோயில் திருவிழாவில் நாடகம் போட்டவர்கள் வசனத்தை வாயால் சொல்லிக்கொடுத்தே மனப்பாடம் செய்வித்தார்கள். படிக்கக் கிடைத்தது கொஞ்சம், படிக்கத் தெரிந்தவர் குறைவு. எனவே ஒருவருக்குத் தெரிந்தது லயத்துக்கே உரியது என்ற எண்ணம் வேரூன்றியது. கையேடு இல்லாத ஆட்டம் இந்த எண்ணத்தின் மீதுதான் வந்து விழுந்தது. தெரிந்துகொண்டதை ஒளித்து வைப்பவனுக்கு அங்கே மதிப்பு இருக்க வழியில்லை. “அந்த வீட்டு அண்ணன் சொன்னாரு” என்பதே துப்புக்கு முத்திரை.

அதே காலத்தில் அந்த லயங்களே கலைந்துகொண்டிருந்தன. ரப்பர் செம்பனைக்கு இடம் விட்டது, நிலம் வீடமைப்புக்கு விற்கப்பட்டது. 1947-இல் தோட்டத் தமிழரின் தொண்டர் படை நடத்திய கள்ளுக்கடை மறியலோடு பேசப்பட்ட ஹார்வார்ட் தோட்டத்தின் பெயரில் இன்று பீடோங்கில் ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறது. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996-இல் திறக்கப்பட்டது. தோட்டத்தை விட்டவர்களின் பிள்ளைகள் தொழிற்சாலை முறைவேலைக்குப் போனார்கள். சுங்கைப் பட்டாணி, லுனாஸ், பாடாங் செராய் ஓரங்களில் மலிவு விலை வீடுகளில் குடியேறியவர்களுக்கு அடுத்த வீட்டுக்காரர் அறிமுகமில்லாதவர். லயத்தில் பத்து அடி நடந்தால் கிடைத்த கூட்டம் இங்கே தேட வேண்டிய ஒன்றாயிற்று. வட்டும் மெமரி கார்டும் அந்தக் கூட்டத்துக்குக் காரணம் தந்தன. பிளேஸ்டேஷன் மெமரி கார்டில் பதினைந்து கட்டங்கள். ‘ஃபைனல் ஃபேண்டசி 7’ ஒரு சேமிப்புக்கு ஒரு கட்டம் எடுத்துக்கொள்ளும். தீப்பெட்டியைவிட மெல்லிய அந்த அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கருவி இருக்கும் வீட்டுக்குப் போனால் விட்ட இடத்திலிருந்து ஆடலாம். சொந்தமாகக் கருவி இல்லாதவருக்கும் சொந்தமாக ஒரு பயணம் இருக்க முடிந்தது இதனால்தான். இந்தச் சின்னக் கருவி செய்த சமூக வேலையை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

இது உலகமெங்கும் நடந்ததுதானே, கெடாவுக்கு இதில் என்ன தனிச்சிறப்பு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிரேசிலிலும் பிலிப்பைன்ஸிலும் நகல் வட்டு ஓடியது, அங்கும் பேசினார்கள். பழக்கம் பொதுவானது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் செய்தித்தாளும் எங்கும் வந்தது. அதற்காகத் தோட்டத்தில் இதழ் வாசித்த வரலாறு வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. இங்கே பார்க்க வேண்டியது, தாய்மொழி, பள்ளி மொழி, ஆட்ட மொழி மூன்றும் வேறான ஒரு சிறுபான்மைச் சமூகம், இருந்த இடம் கலைந்துகொண்டிருந்த பத்து இருபது ஆண்டுகளில், பல பத்து மணி நேர நீளமுள்ள ஒரு கதையைக் கூட்டாகப் படித்தது என்பதை. ஜப்பானியர் செய்ததை நகலெடுத்ததாகவும் இதைச் சொல்ல முடியாது. அவர்களுக்கு அச்சு துணை நின்றது.

இரண்டாவது மறுப்பு கடுமையானது: இது காலவிரயம், படிப்பைக் கெடுத்தது, பையன்களைக் கூட்டம் சேர வைத்தது. அரசே அப்படி நினைத்தது. 2000 அக்டோபரில், வீடியோ ஆட்டக்கூடங்கள் ஆண்டு இறுதிக்குள் மூடப்பட வேண்டும் என்று அறிவித்தது. சூதாட்டக் கருவிகள் அந்தக் கூடங்களுக்குள் புகுந்திருந்ததும், பள்ளி நேரத்தில் பிள்ளைகள் அங்கே கிடந்ததும் கற்பனையல்ல. தோட்டத்தை விட்டு வந்த பெற்றோரின் பயம் வெறும் கண்டிப்பல்ல, பிள்ளையின் எதிர்காலம் பற்றிய கவலை. ஆனால் காசு போட்டு மூன்று நிமிடம் ஆடும் கூடமும், வாரக்கணக்கில் வீட்டில் வளரும் கதையும் ஒன்றல்ல. பின்னது பொறுமையையும் நினைவையும் கேட்டது: ‘ஃபைனல் ஃபேண்டசி 7’-இல் தங்க நிறச் சோக்கோபோ பறவையை வளர்த்தெடுக்க எந்தப் பறவையோடு எதைச் சேர்க்க வேண்டும், எந்தக் கொட்டையைக் கொடுக்க வேண்டும், எத்தனை பந்தயம் ஓட்ட வேண்டும் என்பதைக் கேட்டு, நினைவில் வைத்து, மற்றவருக்குச் சரியாகச் சொல்ல வேண்டும். தேர்வுக்கு இது உதவவில்லை என்றால் உதவவில்லைதான். தேர்வுக்கு உதவாததெல்லாம் கல்வியல்ல என்று சொன்னால் திருவிழா நாடகத்தையும் தள்ளிவிட வேண்டி வரும்.

வாய்மொழி பொய்யைச் சுமக்கும் என்பது மூன்றாவது மறுப்பு. உண்மைதான், அதற்குச் சிறந்த சான்றும் ‘ஃபைனல் ஃபேண்டசி 7’-இல்தான் இருக்கிறது. முதல் வட்டின் முடிவில் ஏரித் என்ற நாயகி கொல்லப்படுகிறாள். அவளை உயிர்ப்பிக்க ஒரு ரகசிய வழி இருக்கிறது என்ற வதந்தி உலகம் முழுக்க ஓடியது. அப்படி எதுவும் ஆட்டத்தில் இல்லை. ஆனால் அந்த வதந்தி பிழைத்ததற்குக் காரணம் மக்கள் ஏமாளிகள் என்பதல்ல. யுஃபி, வின்சென்ட் என்ற இரு பாத்திரங்களைச் சந்திக்காமலே அதே ஆட்டத்தை முடித்துவிட முடியும். இரண்டு முழு மனிதர்களை ஒளித்து வைத்த ஆட்டம் மூன்றாவது ஒருத்தியின் உயிரை ஒளித்து வைத்திருக்காது என்று எப்படிச் சொல்வது? பொய்த் துப்புக்குச் சோதனை உடனே கிடைத்தது, போய்ச் செய்து பார்த்தால் தெரிந்துவிடும். சொன்னவரின் பெயர் துப்போடு கூடவே வந்ததால், இரண்டு முறை தவறாகச் சொன்னவரின் பேச்சு மூன்றாம் முறை எடுபடாது. அச்சிட்ட கையேட்டில் தவறு இருந்தால் எழுதியவரிடம் போய்க் கேட்க முடியாது.

இப்போது வரும் ஆட்டங்கள் வழியை வரைபடத்திலேயே குறித்துவிடுகின்றன. அந்த ஈட்டி விதியும் 2007-இல் வந்த திருத்திய பதிப்பிலேயே நீக்கப்பட்டுவிட்டது. ‘ஃபைனல் ஃபேண்டசி 7’ புதுப்பிக்கப்பட்டு, அதன் முதல் இரண்டு பகுதிகள் 2020-இலும் 2024-இலும் வந்தன. அவற்றை வாங்கிய மலேசியர் பலர் பழைய ஆட்டத்தை நகல் வட்டில் ஆடிய வயதினர். அவர்களுக்கு இன்று நாற்பதைச் சுற்றிய வயது. கெடா தோட்ட வாழ்க்கை இலக்கியத்தில் பதிவாகிக்கொண்டுதான் இருக்கிறது. லுனாஸைக் களமாகக் கொண்ட ம. நவீனின் ‘பேய்ச்சி’ 2019-இல் வந்தது. தோட்டத்தின் கடைசித் தலைமுறை, பட்டணத்தின் முதல் தலைமுறை என்று இரண்டுமாக இருந்த இந்த ஆட்டக்காரர்களிடம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டியவை எந்த ஆட்டம் பிடிக்கும் என்பது போன்ற கேள்விகள் அல்ல. முதல் துப்பை யார் சொன்னார், எந்த மொழியில் சொன்னார், ஆங்கிலம் படித்துச் சொன்ன பையன் எந்த வீட்டுப் பிள்ளை, பெண் பிள்ளைகளுக்கு அந்த அறையில் இடம் இருந்ததா, கருவி வாங்கிய பணம் யாருடைய முறைவேலைச் சம்பளம், சீனர் கடையில் வாங்கிய வட்டைப் பற்றி மலாய் நண்பனிடம் கேட்டறிந்தது என்ன. குறிப்பாகக் கடைசிக் கேள்வி: பள்ளியில் இனவாரியாகப் பிரிந்து உட்கார்ந்த பிள்ளைகள் ஒரு பூதத்தை வெல்லும் வழி கேட்க மேசை மாறி உட்கார்ந்தார்களா என்பதை, கேட்டால் சொல்லக்கூடியவர்கள் இன்னும் சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும்தான் வேலைக்குப் போய் வந்துகொண்டிருக்கிறார்கள்.