மூளைக் காயம்

தலையில் விழும் அடியினால், கபாலம் உடைந்தோ உடையாமலோ, உள்ளிருக்கும் மூளை ஊறுபடுவது மூளைக் காயம் எனப்படும். இதுபற்றி எஞ்சியுள்ள மிகப் பழைய வைத்திய நூல், எட்வின் ஸ்மித் என்பவர் 1862-இல் எகிப்தின் லக்ஸாரில் விலைக்கு வாங்கிய பாப்பிரஸ் சுருளாகும்; கி.மு. 1600-ஐ ஒட்டிப் பிரதி செய்யப்பட்ட அதில் வரும் 48 நோயாளிகளுள் 27 பேர் தலையில் அடிபட்டவர்கள். அவர்களைத் தொட்டும் நோக்கியும் சோதித்து, குணமாக்கத்தக்கவர், போராடிப் பார்க்கத்தக்கவர், சிகிச்சைக்கு அப்பாற்பட்டவர் என வகுத்துரைத்த அந்தப் பெயரறியா வைத்தியனின் நிதானம், கபாலத்தைத் துளையிடுவதிலேயே உற்சாகம் காட்டிய பிற்காலத்தார் பலருக்கு வாய்க்கவில்லை.

அடிபட்ட கணத்தில் நேரும் சேதத்தை எச்சிகிச்சையும் மீட்பதில்லை. அதன்பின் ரத்தம் கட்டியும் மூளை வீங்கியும், விரிந்துகொடுக்காத கபாலத்தினுள் அழுத்தம் ஏறி, மூளைக்குச் செல்லும் ரத்தம் குறைந்துபோவதே தடுக்கத்தக்க அபாயம். முதல் உலக யுத்தத்தில் அறுவை நிபுணர் ஹார்வி குஷிங், சிதைந்த திசுக்களையும் எலும்புத் துணுக்குகளையும் அகற்றிக் காயத்தைச் சுத்தி செய்யும் முறையினால், பாதிக்கு மேற்பட்டோர் மாண்டுவந்த நிலையை மூன்றிலொரு பங்குக்கும் கீழே இறக்கினார். 1935-இல் மோட்டார் சைக்கிள் விபத்துக்குப்பின் பிரக்ஞை திரும்பாமலே மாண்ட, ‘அரேபியாவின் லாரன்ஸ்’ எனப்பட்ட டி. இ. லாரன்ஸுக்குச் சிகிச்சை செய்தவர்களுள் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸோ, தலைக்கவசம் அணிந்தோருக்குக் காயம் இலேசாயிருப்பதை 1941-இல் எடுத்துக்காட்டினார். அறுவை நிபுணர் ஒருவர் தம் கத்திக்கு வேலை குறையும்படி இவ்வளவு பாடுபட்டது அபூர்வமே.

1971-இல் லண்டனில் காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டின் ஸ்கேன் கருவி பயன்பாட்டுக்கு வந்தபின், ரத்தக்கட்டி இருக்குமிடம் கபாலத்தைத் திறக்குமுன்னரே தெரியலாயிற்று. அதற்கு நிகரான பயனை, செலவு ஏதுமின்றி, கிளாஸ்கோவில் கிரகாம் டீஸ்டேலும் பிரையன் ஜென்னெட்டும் 1974-இல் வெளியிட்ட பிரக்ஞை அளவை தந்தது. அரைமயக்கம், ஆழ்மயக்கம் என்று ஆளுக்கொரு பொருளில் வழங்கிய சொற்களை ஒதுக்கி, கண் திறப்பு, பேச்சு, அங்க அசைவு ஆகிய மூன்றை மட்டும் அது மதிப்பிடுகிறது; இன்றைய வழக்கில் 15 என்பது பூரணப் பிரக்ஞை, 8-உம் அதற்குக் கீழும் கடுங்காயம்.

நெடுங்காலம் நம்பிக்கையோடு கொடுக்கப்பட்ட ஸ்டீராய்டு மருந்து, 10,000-க்கு மேற்பட்டோரிடம் நடந்த சர்வதேசப் பரிசோதனையில் மரணத்தை மிகுவிப்பதாக 2004-இல் வெளிப்பட்டது. வீக்கத்தை அடக்கத் தனி மருந்தொன்றை முற்றும் நம்பவியலாத இந்நோயில், தாதியரின் பணிவிடையே சிகிச்சையின் பெரும்பகுதி. சளியை உறிஞ்சியெடுத்துச் சுவாசப்பாதையைக் காப்பதும், சிரசிலிருந்து ரத்தம் தடையின்றி இறங்கும்படி தலைமாட்டை 30 பாகை உயர்த்திக் கழுத்தை நேரே வைப்பதும், படுக்கைப்புண் வராமல் இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைப்பதும், மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் கசிகிறதா என்று பார்ப்பதும் அவர்கள் பொறுப்பே. நள்ளிரவில் ஒரு கண்ணின் பாவை மட்டும் விரிந்து வெளிச்சத்துக்குச் சுருங்காதிருப்பதை டார்ச் விளக்கொளியில் முதலில் காண்பவரும், வைத்தியரை எழுப்பி அறுவைக்கூடத்தை ஆயத்தம் செய்விப்பவரும் அவர்களே.