கண்ணீரும் கம்பளியும்

வெப்ப நாட்டில் வாழ்வோர்க்குச் சுவெட்டர் அன்றாட உடையன்று. கேமரன் மலைக்குச் செல்லும்போதோ, குளிர் நாடுகளுக்குப் பயணப்படும்போதோ பெட்டியின் அடியிலிருந்து வெளிவரும் உடை அது. ஆயினும், அதன் பெயருக்குள் குளிர் இல்லை, வியர்வையே இருக்கிறது. வியர்வையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்ததே அப்பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் விளையாட்டு வீரர்கள் உடல் வியர்க்கவேண்டும் என்பதற்காக அணிந்த தடித்த கம்பளிச் சட்டையே முதலில் அப்பெயரைப் பெற்றது.

அச்சட்டையை அணிந்தோர் சிந்திய வியர்வையை அதன் பெயர் சொல்லிவிடுகிறது. அதனை முதன்முதலாகப் பின்னப் பழகியோர் சிந்திய கண்ணீரை வரலாறுதான் சொல்லவேண்டும். ஒரு கைத்திறன் மூத்தோர் கையிலிருந்து இளையோர் கைக்கு எவ்வாறு சென்றது, எவ்விடத்தில் இடறிற்று, எவ்விடத்தில் தழைத்தது என்பதே அவ்வரலாறு. ஆதலின், அது கற்போர்க்கும் கற்பிப்போர்க்கும் பயன்படுவதாகும்.

ஒற்றை நூலின் விந்தை

பின்னல் என்றவுடன் தமிழர்க்குக் கூந்தலும் கூடையும் நினைவுக்கு வரும். கூந்தலுக்கு மூன்று புரிகள் வேண்டும். கூடைக்குப் பல நார்கள் வேண்டும். நெசவுக்கோ பாவும் ஊடையும் வேண்டும். கம்பளிப் பின்னலுக்கு வேண்டுவது ஒற்றை நூலே. அந்நூலை ஓர் ஊசியில் வளையங்களாக ஏற்றி, ஒவ்வொரு வளையத்தினூடும் மற்றோர் ஊசியால் புதிய வளையத்தை இழுத்தெடுப்பதே அதன் முறை. இவ்வளையத்தையே கண்ணி என்பர்.

இவ்வெளிய அமைப்பில் ஒரு துன்பமும் ஒரு நன்மையும் சேர்ந்தே இருக்கின்றன. ஊசியிலிருந்து ஒரு கண்ணி நழுவினால், அதன் கீழுள்ள வரிசைகளில் கண்ணிகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து, ஏணிப்படி போன்ற இடைவெளி தோன்றிவிடும். அது துன்பம். ஆனால், நூலின் முனையைப் பற்றி இழுத்தால் பின்னியது முழுவதும் பிரிந்து, நூல் மீண்டும் கைக்கு வந்துவிடும். வெட்டிய துணியைப் பழையபடி ஆக்க எந்தத் தையற்காரராலும் இயலாது. பின்னியதைப் பிரித்து மீண்டும் பின்னுவதோ கற்கத் தொடங்கிய சிறுமிக்கும் இயலும். பிழை செய்தவர்க்கு மறுவாய்ப்பு அளிக்கும் கலை இது.

எகிப்து நாட்டில் கிடைத்துள்ள பருத்திக் காலுறைகள் இக்கலையின் தொன்மையைக் காட்டுகின்றன. அவை பதினோராம் நூற்றாண்டுக்கும் பதினான்காம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. சட்டை பின்னும் காட்சியை ஐரோப்பிய ஓவியம் ஒன்றில் காணலாம். ஜெர்மனியின் பூக்ஸ்டேகூட நகருக்காக ஏறத்தாழ 1400ஆம் ஆண்டில் தீட்டப்பெற்ற அவ்வோவியம், மாஸ்டர் பெர்ட்ராம் என்னும் ஓவியர் பெயரோடு இணைத்துப் பேசப்பெறுகிறது. அதில் மரியன்னை அமர்ந்து, குழந்தை இயேசுவுக்கான சட்டையின் கழுத்துப் பகுதியை நான்கு ஊசிகளால் சுற்றிப் பின்னிக்கொண்டிருக்கிறார். சட்டை ஏறக்குறைய முடிந்துவிட்ட நிலையில் இருக்கிறது. ஓவியர் பின்னல் வேலையை அருகிருந்து உற்றுநோக்கியவர் என்பதற்கு அந்த நான்கு ஊசிகளே சான்று.

தேர்வாக அமைந்த சட்டை

இன்று பெண்களின் பொழுதுபோக்கு என்று பலரும் கருதும் இக்கலை, ஒரு காலத்தில் ஐரோப்பிய நகரங்களில் ஆடவரின் தொழிலாக இருந்தது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஆல்சேசு போன்ற பகுதிகளில் பின்னலாளர் சங்கங்கள் இயங்கின. அவற்றில் சேர்ந்த இளைஞன் ஆசானிடம் சில ஆண்டுகள் பயிலவேண்டும். பின்னர் ஊர் ஊராகச் சென்று பிற ஆசான்களிடமும் பணியாற்றவேண்டும். இறுதியில் தன் திறமையை மெய்ப்பிக்க, வண்ணப் பூக்கள் நிறைந்த கம்பளம், தொப்பி, காலுறை ஆகியவற்றோடு ஒரு கம்பளிச் சட்டையையும் பின்னிக் காட்டவேண்டும். சங்கம் ஏற்றுக்கொண்டால்தான் அவன் ஆசான் ஆவான். ஆக, சட்டை பின்னி முடிப்பது அங்கு ஒரு பட்டத் தேர்வாகவே இருந்தது.

இதற்கிடையில் இயந்திரமும் வந்துவிட்டது. இங்கிலாந்தின் நாட்டிங்காம் வட்டாரத்தைச் சேர்ந்த வில்லியம் லீ என்பவர் 1589இல் காலுறை பின்னும் பொறியை உருவாக்கினார். ஒரு வரிசைக் கண்ணிகளை ஒருசேரப் போட்டுமுடிக்கும் ஆற்றல் அதற்கு இருந்தது. கைப்பின்னல் அன்றே மறைந்திருக்கவேண்டும். ஆயினும் மறையவில்லை. பொறி வாங்க வசதியற்ற மலைச்சிற்றூர்களிலும் கடலோரக் குடிகளிலும் அது வயிற்றுப்பாட்டுக்கு வழியாக நிலைத்தது.

டென்ட் ஊரை விட்டு ஓடிய சிறுமியர்

வட இங்கிலாந்தில் டென்ட் என்னும் பள்ளத்தாக்கு ஊர் இருக்கிறது. அவ்வூரார் ஆணும் பெண்ணும் நடக்கும்போதும், கதை பேசும்போதும், மாடு மேய்க்கும்போதும் பின்னிக்கொண்டே இருந்தனர். 'டென்ட் ஊரின் பயங்கரப் பின்னலாளர்' என்றே அவர்களை அழைத்தனர். பயங்கரம் என்பது அங்கு அச்சத்தைக் குறிக்கவில்லை. மலைக்கவைக்கும் விரைவைக் குறித்தது.

அவ்வூருக்குப் பின்னல் கற்க அனுப்பப்பெற்ற சிறுமியருள் பெட்டி யூடேல் என்பவளும் அவள் உடன்பிறந்தாளும் அடங்குவர். வீட்டை விட்டு அயலூரில், அயலார் கண்டிப்பின்கீழ், இடைவிடாது ஊசி பிடிக்கவேண்டியிருந்த வாழ்வை அவ்விருவராலும் தாங்க இயலவில்லை. ஒருநாள் சொல்லாமல் கிளம்பி, குளிர்காலத்தில், வழியில் இருந்த வீடுகளில் இரந்து உண்டு தங்கி, நடந்தே தம் வீட்டை அடைந்தனர். பெட்டி முதுமையில் கூறிய அந்நிகழ்ச்சி, கவிஞர் இராபர்ட் சதேயின் 'மருத்துவர்' என்னும் நூல் வரிசையில் 1847இல் அச்சேறியது.

அவர்கள் வெறுத்தது ஊசியையா என்று எண்ணிப்பார்க்கவேண்டும். ஊசி யாருக்கும் பகையன்று. வீட்டின் கதகதப்பும் கற்பதன் மகிழ்ச்சியும் இல்லாத இடத்தில், இத்தனை வரிசை முடித்தாகவேண்டும் என்னும் கட்டளை மட்டும் எஞ்சிநின்றதே அவர்களை ஓடவைத்தது. கட்டாயம் கைக்கு வேகத்தைத் தரலாம். கலையின்மேல் பற்றைத் தராது.

அளவு நூல் இல்லாத அளவு

கடலோரக் குடிகளில் கல்வி வேறு வகையில் நடந்தது. ஆங்கிலக் கால்வாயின் கர்ன்சி, ஜெர்சி தீவுகள் பின்னலாடைகளுக்குப் பெயர் பெற்றவை. ஜெர்சி என்னும் உடைப்பெயரே அத்தீவின் பெயர்தான். அத்தீவுகளிலும், பின்னர்ப் பிரிட்டனின் கிழக்குக் கரை ஊர்களிலும், மீனவர்க்கான கருநீலச் சட்டைகளை அவர்தம் தாயரும் மனைவியரும் பின்னினர். மெல்லிய எஃகு ஊசிகளால் இறுக்கமாகப் பின்னப்பெற்றதால் அச்சட்டை கடற்காற்றைத் தடுத்தது. உடற்பகுதி தையலே இன்றிக் குழாய்போல் சுற்றிப் பின்னப்பட்டது. கைகள் தோளிலிருந்து கீழ்நோக்கிப் பின்னப்பட்டன. அதற்கு ஒரு காரணம் உண்டு. வலையும் கயிறும் உராய்ந்து முதலில் நைந்துபோவது மணிக்கட்டுப் பகுதியே. அப்பகுதியை மட்டும் பிரித்துப் புது நூலால் மீண்டும் பின்னிவிட்டால் சட்டை மேலும் பல ஆண்டுகள் உழைக்கும்.

இச்சட்டைக்கு எழுதிய குறிப்பு எதுவும் இல்லை. கணவனின் மார்பகலம் மனைவிக்குத் தெரியும்; அவள் கையின் இறுக்கமும் அவளுக்குத் தெரியும். அருகே அமர்ந்திருந்த மகள் பார்த்துப் பார்த்தே கற்றாள். அவள் தவறினால் தாய் பிரித்துக் கொடுத்தாள். அவள் பின்னிய முதற்சட்டை ஒழுங்காக அமைந்ததற்கு அந்த அருகிருப்பே காரணம்.

அச்சில் ஏறிய கலை

அருகே தாய் இல்லாதவர் என் செய்வர்? அவர்களுக்கு அச்சு துணைநின்றது. எடின்பரோவில் கடை நடத்திய ஜேன் காகேன் என்னும் அம்மையார் 1840இல் பின்னற்குறிப்புகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு செய்கைக்கும் ஒரு சுருக்கக் குறியீடு அமைத்தார். அவரை ஒத்த பலரும் அவ்வாறே செய்தனர். ஆனால் ஒருவர் குறியீடு மற்றவர் குறியீடாக இல்லை. ஆசிரியர் இல்லாத மாணவிக்கு நூல் ஆசிரியராக வாய்த்தது. நூலின் மொழியைக் கற்பதே புதியதொரு பாடமாகவும் ஆயிற்று.

உலகப் போர்கள் இப்பாடத்தை இலட்சக்கணக்கான கைகளுக்குக் கொண்டுசென்றன. 1914இல் பிரிட்டிஷ் அரசியார் மேரி, படைவீரர்க்காக 300,000 இணைக் காலுறைகள் வேண்டுமென அறிவித்தார். ஊசி பிடித்தே அறியாத பெண்களும் சிறுவரும் பின்னத் தொடங்கினர். கோணலான காலுறை போர்க்களத்தில் வெறும் கோணலாக இருப்பதில்லை. நெடுந்தொலைவு நடக்கும் வீரனின் காலைப் புண்ணாக்கிவிடும். எனவே, அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு வந்த குறையுள்ள ஆடைகள் பிரிக்கப்பட்டு மீண்டும் பின்னப்பட்டன. அன்பு மட்டும் போதாது, அளவும் வேண்டும் என்பதை அப்பெண்கள் அறிந்தனர்.

இரண்டாம் உலகப் போரிலும் அதே நிலை. 1941 நவம்பர் 24ஆம் நாள் வெளிவந்த 'லைஃப்' இதழ், பின்னுவது எப்படி என்பதையே அட்டைப்பட வாசகமாக்கியது. அதே ஆண்டு சூன் மாதம் பிரிட்டனில் துணிப் பங்கீடு தொடங்கிவிட்டது. கம்பளி நூலுக்கும் பங்கீட்டுச் சீட்டு வேண்டியிருந்தது. பழைய சட்டைகளைப் பிரித்து, நூலை நனைத்துச் சுருக்கம் நீக்கி, பிள்ளைகளுக்குப் புதுச்சட்டை பின்னினர். பிரித்தால் மீளும் என்னும் அக்கலையின் இயல்பு, பற்றாக்குறைக் காலத்தில் குடும்பங்களைக் குளிரினின்றும் காத்தது.

ஒரு பானைச் சோறு

குறிப்பைப் பிழையின்றிப் படித்தும் முதற்சட்டை பலர்க்குப் பொருந்தாமற் போனது ஏன்? அச்சு சொல்லைக் கொண்டுசெல்லும். கையின் இறுக்கத்தைக் கொண்டுசெல்லாது. இதனை ஒரு சிறு கணக்கால் அறியலாம். மார்புச் சுற்று 40 அங்குலம். ஓர் அங்குலத்துக்கு 5 கண்ணிகள் என்று கொள்வோம். வேண்டிய கண்ணிகள் 200. பின்னுபவர் கை சற்றே தளர்ந்து, அங்குலத்துக்கு நாலரைக் கண்ணி விழுந்தால், அதே 200 கண்ணிகள் 44 அங்குலத்துக்கும் மேல் விரியும். கை இறுகி, ஐந்தரைக் கண்ணி விழுந்தால் 37 அங்குலம்கூட வாராது. அரைக் கண்ணி வேறுபாட்டில் சட்டை ஒருவர்க்குச் சாக்காகும். மற்றொருவர்க்குத் தலையே நுழையாது. அங்குலத்துக்கு 7 வரிசை வீதம் அக்குள் வரை 15 அங்குலம் பின்ன 105 வரிசைகள் வேண்டும். அதாவது 21,000 கண்ணிகள். அத்தனையும் முடித்தபின் பிழை தெரியவந்தால் கண்ணீர் வாராமல் என் செய்யும்?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது தமிழர் கண்ட நெறி. சட்டைக்கும் அதுவே வழி. கையகலத் துண்டு ஒன்றை முதலில் பின்னி, நனைத்து உலர்த்தி, அங்குலத்துக்கு எத்தனை கண்ணி என எண்ணிப் பார்க்கவேண்டும். தொடக்கக்காரரின் ஆர்வம் இதனைத் தாண்டிச் செல்லத் தூண்டும். பட்டறிவு அதனைத் தாண்டவிடாது.

இவ்வுண்மையையே அடித்தளமாக்கிக் கற்பித்தவர் எலிசபெத் சிம்மர்மன். 1910இல் இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் குடியேறியவர் அவர். 1959இல் தம் பதிப்பகத்தைத் தொடங்கினார். 1960களில் தொலைக்காட்சியிலும் பின்னல் கற்பித்தார். 1971இல் நூலொன்று வெளியிட்டார். அந்நூலின் பெயருக்குக் 'கண்ணீரின்றிப் பின்னல்' என்று பொருள். பெயரே அவர் கண்ட குறையையும் மருந்தையும் சொல்லிவிடுகிறது.

அவர் அளித்த வழி எளியது. உன் கையின் அளவை நீயே எடு. மார்புச் சுற்றுக்கு வேண்டிய கண்ணிகளை நூறு விழுக்காடாகக் கொள். மணிக்கட்டுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு, மேற்கைக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எனப் பிற எல்லாவற்றையும் அதிலிருந்தே கணக்கிடு. உடலைத் தையலின்றிச் சுற்றிப் பின்னு. இவ்வழி மீனவப் பெண்கள் நடந்த வழியே. தாய் அருகிருந்து ஊட்டிய அறிவை, தாய் அருகில்லாதோர்க்கு எண்ணாக மாற்றித் தந்ததே சிம்மர்மனின் தொண்டு. 1999இல் அவர் மறைந்தார். அவர்தம் கணக்கைக் கொண்டு முதற்சட்டை பின்னுவோர் இன்றும் உளர்.

கைவந்த பயன்

இன்று கடையில் வாங்கும் சட்டையைவிட, கையால் பின்னும் சட்டைக்கு நூல்விலையே பெரும்பாலும் மிகுதி. அப்படியிருந்தும் பின்னுவோர் குறையவில்லை. அவர்கள் அடையும் பயன் சட்டையில் மட்டும் இல்லை. முதற்சட்டையின் கழுத்து சற்றே இறுகியிருக்கலாம். ஒரு கை மற்றதைவிட விரல் கடை நீண்டிருக்கலாம். ஆயினும், எந்த வரிசையில் பிழை நேர்ந்தது, ஏன் நேர்ந்தது, எவ்வாறு திருத்துவது என்பதை அதனைப் பின்னியவர் அறிவார். கடைச் சட்டை அணிபவர்க்கு அவ்வறிவு கிட்டுவதில்லை. 1919இல் ஸ்டுட்கார்ட் நகரில் தொடங்கிய வால்டார்ஃப் பள்ளி, ஆண், பெண் பிள்ளைகள் இருபாலார்க்கும் பின்னலைப் பாடமாக வைத்ததும் இது கருதியே. கை சிந்திக்கப் பழகினால் உள்ளமும் பழகும் என்பது அதன் கொள்கை.

டென்ட் ஊரில் கட்டளை இருந்தது, சிறுமியர் ஓடினர். கடற்கரையில் துணை இருந்தது, மகளிர் கற்றனர். அச்சு வந்தபோது தொலைவிலிருந்தோரும் கற்றனர், ஆனால் இடறினர். காரணத்தோடு கற்பித்த ஆசிரியர் வந்தபோது, இடறியோரும் தாமே எழுந்தனர். மாணவரின் முதற்கட்டுரையும், முதற்கணக்கும், முதற்கவிதையும் இத்தகைய முதற்சட்டைகளே. அவற்றில் நழுவிய கண்ணிகள் இருக்கத்தான் செய்யும். சிவப்பு மையால் சுழித்துக் காட்டுவதோடு ஆசிரியர் பணி முடிந்துவிடுவதில்லை. அருகமர்ந்து, நூல் அறாமல் பிரித்துக் கொடுத்து, மீண்டும் பின்னச் செய்வதே கற்பித்தலாகும்.