போர்த்தலையில் பிறையும் பூவும்

சப்பானியச் சாமுராய் மறவர் அணிந்த தலைச்சீராவை அந்நாட்டார் ‘கபுதோ’ என்பர். வளைந்த இரும்புத் தகடுகளைத் தறையாணியால் பிணைத்துக் கிண்ணம் கவிழ்த்தாற்போல் அமைப்பர். சிலவற்றில் தகடுகள் 62 வரை உள. துருவேறாவண்ணம் மரப்பாலால் ஆகிய மெருகு பூசுவர். பிடரியைக் காக்கும் அடுக்குத் தகடுகள் பட்டுக்கயிற்றால் கோக்கப்பெற்றுத் தலை திரும்புந்தோறும் வளைந்து கொடுக்கும். கொதிகலத் தொழிலூராகிய கைலாசபுரத்தில் வாழும் நமக்குத் தகடு பிணைக்கும் தொழிலின் அருமை ஓரளவு தெரியும்.

நெற்றியில் பொருத்திய சின்னமே ஈண்டு நம் ஆய்வுக்குரியது. தாதே மசமுனே (1567–1636) பிறையும், ஓண்டா ததகத்சு (1548–1610) மான்கொம்பும் கொண்டனர். அமர்க்களத்தில் இன்னார் என அறிவித்தது அச்சின்னம். அதனை வெற்றழகு எனல் பொருந்தாது.

தமிழ் மறவர் தலையில் அப்பணியைச் செய்தது பூ. வெட்சி முதலியன போர்ச்செயலை உணர்த்தின. தும்பையையோ இருபடையும் சூடின. ஆகவே வேந்தரைப் பிரித்தறியப் போந்தை, வேம்பு, ஆர் ஆகியன வேண்டப்பட்டன. தொல்காப்பியர் புறத்திணையியலில் இம்மூன்றையும் கூறியது இதுபற்றியே என யாம் கருதுகிறோம்.

இவ்வடையாளம் பயன்படாது போன இடமும் உண்டு. அது நம் உறையூரே. நலங்கிள்ளி முற்றியிருக்க, நெடுங்கிள்ளி மதிலை அடைத்திருந்தான். இருவரும் சோழர், இருவர் கண்ணியும் ஆத்தி. பகையைக் காட்டவேண்டிய பூ உறவைக் காட்டிற்று. கோவூர்கிழார் புறநானூற்று 45-ஆம் பாட்டில் பனம்பூவையும் வேம்பையும் விலக்கி ஆரை எடுத்துரைத்தது அணிநயங் கருதியன்று. எவன் தோற்பினும் தோற்பது சோழர் குடியே என்பதை இரு மன்னர்க்கும் அவர்தம் கண்ணி கொண்டே காட்டுதற்கு.